நாலணாக் குதிரை

குதிரையும் மாடுதான் என்று யாராவது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அப்படிச் சொன்னது தெருவோடு போகிற யாரோ அல்ல, சாட்சாத் சர்க்கார். 1871-ம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அடுத்தவன் வயலில் மேய்கிற ஜீவன்களையும், பொதுச் சாலையில் கேட்பாரற்றுத் திரிகிற ஜீவன்களையும் பிடித்துப் பவுண்டில் அடைப்பதற்காக வெள்ளைக்காரன் போட்ட சட்டம். இங்கிலீஷில் 'கேட்டில்' என்று அதில் வருகிற சொல்லை எங்கள் ஊர்க் குமாஸ்தா 'மாடு' என்று தமிழ்ப்படுத்தி வைத்திருந்தார். அந்த 'மாட்டு'க்குள் யார் யார் அடக்கம் என்று சட்டமே ஒரு ஜாபிதா தருகிறது: யானை, ஒட்டகம், எருமை, குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, வெறும் கழுதை, பன்றி, செம்மறியாடு, வெள்ளாடு, அதன் குட்டி!

அபராதப் பட்டியலும் அதிலே உண்டு. யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் எட்டணா. குதிரைக்கும் பசுவுக்கும் காளைக்கும் நாலணா. கன்றுக்கும் கழுதைக்கும் பன்றிக்கும் இரண்டணா. ஆட்டுக்கு ஓரணா. பிற்பாடு இந்தத் தொகைகளெல்லாம் எங்கேயோ ஏறிப் போய்விட்டன. இருந்தாலும் அந்த நாலணாவை நான் மறக்கவில்லை. அபராதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போன ஒரு மனுஷரிடம், அதை வாங்கிக்கொண்டு குதிரையைக் கொடுக்க ஆளில்லாமல் போன கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இத்தனை வருஷம் இதை எழுதாமல் இருந்தேன்.

முதலில் என் பெருமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 2011-ம் வருஷம், ஐப்பசி மழை. இரவு ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். கடைத்தெரு முனையில் விளக்கு எரியவில்லை. நடுச்சாலையில் ஒரு காளை சுகமாகப் படுத்துக்கொண்டு அசை போட்டது. அதை நான் பார்த்ததற்கும் கீழே விழுந்ததற்கும் நடுவே அதிக நேரம் இருக்கவில்லை. முழங்கையில் தோல் போனதோடு பிழைத்தேன். எழுதுகிறவனுக்கு முழங்கை சிராய்த்தால் என்ன ஆகும்? பத்திரிகைக்குக் கடிதம் போகும். 'நகராட்சியைக் காளைகள் நடத்துகின்றனவா, காளைகளை நகராட்சி நடத்துகிறதா?' என்று ஆரம்பித்து, வேண்டிய மட்டும் கேலி செய்து எழுதினேன். கடிதம் பிரசுரமாயிற்று. மருந்துக்கடைக்காரர் கை கொடுத்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீடு தேடி வந்து, "நாவலைவிட இது நன்றாயிருந்தது" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, லாரி வந்தது. கயிறும் தடியுமாக ஆட்கள் இறங்கினார்கள். மாடுகள் கத்துகிற சத்தமும் மனிதர்கள் கத்துகிற சத்தமும் தெருக்கோடிவரை கேட்டன. நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். எழுத்துக்கு இந்தக் காலத்திலும் ஒரு சக்தி இருக்கத்தான் செய்கிறது என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். பிடித்த மாடுகளை எங்கே கொண்டு போகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சாலை காலியாயிற்று, எனக்கு அது போதும்.

ஐந்தாவது நாள் விடியற்காலையில் பாய் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

பாய் எங்கள் ஊர்க் குதிரை வண்டிக்காரர். என் அப்பா காலத்தில் ரயிலடியில் வரிசையாக ஜட்காக்கள் நிற்குமாம். நான் பார்க்கும்போது நாலு; 2011-ல் பாயினுடையது ஒன்றே ஒன்று. நான் பிறந்து பத்தாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவையும் என்னையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது அவர் வண்டிதான். ஆறாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்துக்கும் அதில்தான் போனேன். உள்ளே பரப்பிய வைக்கோலும், அதன்மேல் விரித்த கோணியும், புல்லும் வியர்வையும் கலந்த அந்த வாசனையும் இப்போதும் மூக்கில் நிற்கின்றன. ஆட்டோக்கள் வந்த பிறகு சவாரி போயிற்று. மாப்பிள்ளை அழைப்பு, திருவிழா, ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கைக்கு ஏறுகிற குழந்தைகள் என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. குதிரையின் பெயர் மோத்தி. செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மட்டக்குதிரைதான். ஆனால் ஜரிகைச் சேணத்தைப் போட்டுவிட்டால் அதன் நடையே மாறிவிடும்.

"தம்பி, நீங்க எழுதுறவங்க. ஒரு மனு எழுதித் தரணும்" என்றார் பாய்.

நாகூரில் மகள் வீட்டுக்கு நாலு நாள் போயிருக்கிறார். மோத்தியைப் பேரனிடம் விட்டுப் போயிருக்கிறார். பையன் ராத்திரியில் அதைக் கட்டாமல் மேய விட்டிருக்கிறான். லாரி வந்த ராத்திரி அது. பயந்துபோன பையன், தாத்தா திரும்பி வருகிறவரை வாயே திறக்கவில்லை.

"என் பேர்லயும் தப்பு இருக்குதுங்க தம்பி. அவுத்து விட்டது தப்புத்தான். அபராதம் எவ்வளவோ போடட்டும், கட்டிடறேன்" என்று மடியிலிருந்து பணத்தை எடுத்துக் காட்டினார். கசங்கிய நூறு ரூபாய் நோட்டுகள். இன்னொரு கையில் கொள்ளுப் பை இருந்தது. ஐந்து நாள் என்ன தின்றதோ என்ற கவலை.

கடிதம் எழுதியது நான்தான் என்று அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனு எழுதினேன். கூடவே கிளம்பியும் போனேன்.

பவுண்டு ஊருக்கு வெளியே, குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில். நாலு சுவரும் ஒரு கீற்றுக் கொட்டகையும். சிமெண்டுத் தொட்டியில் பாசி பிடித்த தண்ணீர். உள்ளே ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை. பாய் என்னைப் போல் சுவரையும் கதவையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே போனார். மாட்டுச் சாணிக்கு நடுவே ஓர் இடத்தில் குந்தினார். குதிரை லத்தி. அதைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தார்.

"வெறும் வைக்கோலைப் போட்டிருக்காங்க தம்பி. மாட்டுக்கு நாலு வயிறு, எதைப் போட்டாலும் அசை போட்டுக்கும். குதிரை அப்படி இல்லே. ஒத்துக்காததைத் தின்னா வாந்தி எடுக்கவும் அதுக்கு வராது. வயித்துக்குள்ளேயே முறுக்கிக்கிட்டுச் சாகும்."

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிற்பாடு ஒரு கால்நடை டாக்டரைக் கேட்டேன். பாய் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

காவல்காரன், "ஆமாங்க, செவலைக் குதிரை ஒண்ணு நின்னுது. மூணு நாள் இருந்திச்சு. அப்புறம் லாரியில ஏத்திட்டுப் போனாங்க" என்றான். எங்கே என்பது அவனுக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து ஆபீஸ். குமாஸ்தா நல்ல மனிதர். ரிஜிஸ்தரை எடுத்து எங்களுக்கு நேராகவே திருப்பி வைத்தார். தேதி, உருப்படி, அபராதம், பைசல் என்று நாலு கட்டங்கள். அந்தத் தேதிக்கு நேரே 'உருப்படி 14' என்றிருந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரே வார்த்தை: 'பைசல்'.

"குதிரை எங்கே சார்?" என்றேன்.

"குதிரைக்குன்னு தனிக் கட்டம் கிடையாது சார். உருப்படியிலே சேர்ந்திருக்கும்."

சேர்ந்திருந்தால் கணக்கு வர வேண்டுமே? நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். ஆனாலும் 14-ல் கழிக்கத் தெரியும். அபராத ரசீதுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். சொந்தக்காரர்கள் பணம் கட்டி ஓட்டிப் போனவை 11. பாக்கி 3. அவை கோசாலைக்குப் போயிற்று என்றார் குமாஸ்தா. கோசாலைக்குப் போனோம். அங்கே வரவு இரண்டு காளைகள். "குதிரையா? நாங்க குதிரை வாங்குறதில்லீங்களே!" என்று அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். 11-ம் 2-ம் 13. பதினாலாவது உருப்படி எங்கேயோ சாலையில் கரைந்துவிட்டது.

மறுபடியும் ஆபீஸுக்கு வந்தோம். மேலதிகாரி மீட்டிங்கில் இருந்தார். குமாஸ்தா என்னை மட்டும் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார்: "சார், பிடிக்கிறது காண்ட்ராக்ட். லாரி காண்ட்ராக்ட். தீவனம் காண்ட்ராக்ட். காவல்காரனும் காண்ட்ராக்ட். நான் கையெழுத்துப் போடறேன், அவ்வளவுதான். யாரைப் போய்க் கேட்பீங்க?" அதை அவர் திமிராகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்குத் திமிரைவிடப் பயமாக இருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. 10 ரூபாய் கட்டி, என்னென்ன கேட்கலாமோ அத்தனையும் கேட்டேன். எத்தனை பிடித்தீர்கள், எந்த ஜாதிப் பிராணி, யார் பரிசோதித்தது, என்ன தீனி, எங்கே அனுப்பினீர்கள், யார் பெற்றுக்கொண்டது, ஏலமென்றால் யார் எடுத்தது, என்ன விலை. முப்பது நாளில் வர வேண்டிய பதில் நாற்பத்தைந்து நாள் கழித்து வந்தது. 'மேற்படி தேதியில் பிடிக்கப்பட்ட கால்நடைகள் 14. அனைத்தும் விதிகளின்படி பைசல் செய்யப்பட்டன. குதிரை என்ற தலைப்பில் இவ்வலுவலகத்தில் ஆவணம் ஏதும் இல்லை.' மேல்முறையீடு செய்தேன். அதே மூன்று வாக்கியங்கள், வேறொருவர் கையெழுத்தோடு வந்தன. அதற்கு மேலே மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது. போகலாம் என்றுதான் இருந்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஆரம்பித்தார்கள். வாரா வாரம் அத்தியாயம் அனுப்ப வேண்டியிருந்தது. நான் போகவில்லை. நான் செய்த இரண்டாவது தப்பு அது.

பிற்பாடுதான் அந்தப் பழைய சட்டத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளைக்காரனைப் பற்றி நமக்கு ஆயிரம் வருத்தம் இருக்கலாம். ஆனால் 1871-லேயே அவன் இதை யோசித்திருக்கிறான். பவுண்டுக்கு வந்த ஜீவன் ஒவ்வொன்றையும் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். எத்தனை, என்ன அடையாளம், எந்த நாள், எந்த மணிக்கு, பிடித்தவன் யார், சொந்தக்காரன் தெரிந்தால் அவன் யார் என்று. தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். ஏழு நாளில் யாரும் வராவிட்டால் போலீசுக்குத் தெரிவித்து, விளம்பரப்படுத்தி, அதன் பிறகுதான் பகிரங்க ஏலம். விற்றால் சொந்தக்காரனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்: எத்தனை நாள் அடைத்து வைத்தோம், எவ்வளவு செலவு, என்ன விலைக்குப் போயிற்று, அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: பவுண்டுக்காரனோ, போலீஸ் அதிகாரியோ, அந்த ஏலத்தில் நேராகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது. மனித சுபாவம் தெரிந்தவன் எழுதிய வரி அது.

நம் ஆட்கள் மட்டும் யோசிக்காதவர்களா? ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் பிராணிகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டது. அவரே முதல் தலைவர். நெடுங்காலம் அதன் தலைமையகம் நம் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் 35-வது பிரிவைப் பாருங்கள். வதைபட்ட பிராணியை மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்கோ பிஞ்சராபோலுக்கோ அனுப்பலாம், செலவு சொந்தக்காரனுடையது, அவன் கொடுக்க மறுத்தால் பிராணியை விற்கலாம், விற்று மிஞ்சிய பணத்தை இரண்டு மாதத்துக்குள் அவன் கேட்டால் அவனிடம் கொடுத்துவிட வேண்டும். 2017-ல் மத்திய சர்க்கார் இன்னும் விரிவாக விதிகள் செய்தது. வழக்கில் பிடிபட்ட பிராணியைக் கால்நடை டாக்டர் பார்க்க வேண்டும். சூடு போடாமல் அடையாளம் இட வேண்டும். பராமரிக்கத் தகுந்த இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. வழக்கு முடியுமுன்பே சொந்தக்காரனிடமிருந்து பிராணியைப் பறிக்க இந்த விதிகள் இடம் கொடுக்கின்றன, தாய்ச் சட்டம் அப்படிச் சொல்லவில்லையே என்று 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கேட்டது. அதுவும் நியாயமான கேள்விதான். பாய் போன்றவர்களுக்கு அந்தப் பிராணிதான் சோறு.

இவ்வளவு இருந்தும் ஏன் மோத்தி கரைந்து போயிற்று? சட்டம் இல்லாததால் அல்ல. 'பைசல்' என்று எழுதினால் போதும், மேலே யாரும் கேட்க மாட்டார்கள் என்கிற தைரியம்தான் காரணம். எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்து, சக்கரத்துக்குள் செடி முளைத்துக் கிடக்கும். அப்படி வருஷக்கணக்கில் போட்டு வைப்பதில் பிரயோசனமில்லை என்று 2002-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. ஆனாலும் வண்டிக்கு ஒரு சௌகரியம் உண்டு. பத்து வருஷம் கழித்துப் போனாலும் துருவாவது மிச்சமிருக்கும். குதிரைக்கு மாலையில் பசிக்கும். அதன் கணக்கை அன்றன்றைக்கு எழுதாவிட்டால் பிறகு எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது.

பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புண்ணின் மேல் சேணத்தைக் கட்டி, நொண்டுகிற குதிரையை அடித்து ஓட்டுகிறவனிடமிருந்து அதைப் பிடுங்கத்தான் வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு 1960-ம் வருஷத்துச் சட்டம் முதல் தடவைக்கு விதிக்கிற அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்பது வேறு வயிற்றெரிச்சல். பம்பாயில் உல்லாசச் சவாரிக்கு ஓடிக்கொண்டிருந்த விக்டோரியா வண்டிகளைச் சட்ட விரோதம் என்று 2015 ஜூனில் ஹைகோர்ட் சொன்னது. உடனே நிறுத்து என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் தவணை கொடுத்தது. அதை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு வழி செய்யச் சொன்னது. குதிரைகள் எங்கே போகும் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. கேள்வி கேட்கப்பட்டதே, அந்த மட்டில் அந்தக் குதிரைகள் அதிர்ஷ்டசாலிகள்.

என் ஆசை மிகச் சின்னது. பிடித்த மறுநாள், ஆபீஸ் வாசலில் ஒரு பலகை. இன்ன நிறம், இன்ன அடையாளம், இத்தனை உருப்படி. போகிறபோது இன்ன இடத்துக்குப் போயிற்று, பெற்றுக்கொண்டவர் இன்னார், செத்துப்போனால் செத்துப்போயிற்று, டாக்டர் இன்னார் பார்த்தார். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஒரு சாக்குக்கட்டி போதும். இப்போதென்றால் எல்லார் சட்டைப் பையிலும் படம் பிடிக்கிற டெலிபோனே இருக்கிறது.

இனி, பாயின் விஷயம். மேல்முறையீட்டுப் பதில் வந்த அன்று அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. "வாசிங்க தம்பி" என்று திண்ணையில் உட்கார்ந்தார். நான் காகிதத்தைப் பிரித்தேன். 'குதிரை என்ற தலைப்பில் ஆவணம் ஏதும் இல்லை' என்ற வரி கண்ணெதிரே இருந்தது. பன்னிரண்டு வருஷம் வீட்டில் ஒருத்தியாக இருந்த ஜீவனைப் பற்றி அந்த வரியை அவரிடம் எப்படி வாசிப்பது? கதை சொல்லிப் பிழைக்கிறவன் நான். வாசிக்கிற பாவனையில், "பிடித்த குதிரையை நல்லபடியாகப் பராமரிக்கிற ஓர் இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம், பாய்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எந்த ஊருன்னு போட்டிருக்கு தம்பி? பஸ் இருந்தா ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன்" என்றார்.

நாவல்களுக்காக நான் எத்தனையோ ஊர்களைப் படைத்திருக்கிறேன். ஆறு, கோயில், அக்கிரகாரம், ரயிலடி எல்லாம் வைத்துப் படைத்திருக்கிறேன். அன்றைக்கு என் வாயில் ஒரே ஓர் ஊரின் பெயர் வரவில்லை.

பாய் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "சரி, விடுங்க தம்பி" என்று காகிதத்தை வாங்கி மடித்துக் கொள்ளுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பத்திரிகைக்கு எழுதியது நான்தான் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மாடு ரோட்டுல படுத்தா எழுதத்தானே செய்வாங்க. அதுல என்ன தப்பு?" என்று மட்டும் சொன்னார். இறங்கிப் போனார். வண்டியை மறு வருஷம் விற்றுவிட்டார். நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் வாசலில் அது வர்ணம் பூசி நிற்கிறது. குழந்தைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கு லாரி இப்போதும் எப்போதாவது வருகிறது. சத்தம் கேட்டால் நான் எழுந்து வாசலுக்குப் போகிறேன். ஏற்றுகிறவற்றை ஒவ்வொன்றாக எண்ணுகிறேன். நிறத்தையும் சுட்டியையும் லாரி நம்பரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். மறுநாள் அந்த நோட்டோடு ஆபீஸுக்குப் போகிறேன். குமாஸ்தா மாறிவிட்டார். புதியவருக்கு என்னைக் கண்டால் பிடிக்கவில்லை. ஆனால் ரிஜிஸ்தரின் கடைசிக் கட்டத்தில் 'பைசல்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், ஓர் ஊரின் பெயரும் இப்போது இருக்கிறது.